12 கிலோமீட்டர் முன்னால்

அன்றைய முடிவுப் பட்டியலில் என் பெயருக்கு நேரே 188 கிலோமீட்டர் என்று இருந்தது. பறக்க வேண்டிய தூரம் 200. அந்த 12 கிலோமீட்டரை எங்கே விட்டேன் என்று கிளைடர் போட்டி முடிந்து இரண்டு வாரமாகியும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எழுதிப் பார்த்தால் கொஞ்சம் தெளியும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இடம் லாஷம். தெற்கு இங்கிலாந்தில், ஹாம்ப்ஷயரில், ஆல்டன் என்கிற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிற விமானத்தளம். இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் கட்டினார்கள். போர் முடிந்த பிறகு, 1950களின் தொடக்கத்திலிருந்து கிளைடர்காரர்களின் இடமாகிவிட்டது. ஒரு பக்கம் பெரிய பயணிகள் விமானங்களைப் பழுது பார்க்கும் கூடங்கள், மறுபக்கம் வரிசை வரிசையாக வெள்ளை ட்ரெய்லர்கள். ஒவ்வொரு ட்ரெய்லருக்குள்ளும் இறக்கை கழற்றிய ஒரு கிளைடர் தூங்கிக்கொண்டிருக்கும். கோடையில் இங்கே பிராந்தியப் போட்டி நடக்கும். ஆகஸ்ட் மாதம், ஒன்பது நாள். நான் கலந்துகொள்வது இது இரண்டாவது முறை.

எங்கள் கிளைடர் எல்எஸ்4. ஜெர்மனியில் 1980 வாக்கில் வந்த மாடல், ஆயிரத்துக்கும் மேல் செய்தார்கள். கண்ணாடியிழை உடம்பு, முனைக்கு முனை 15 மீட்டர் இறக்கை, ஒருவர் மட்டும் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரலாம். எஞ்சின் கிடையாது. அசையாத காற்றில் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 40 கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தரையைத் தொடும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் மேலே ஏறுகிற காற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். நானும் கிளப்பில் இன்னொருவரும் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கியது. போட்டியில் இதைவிடப் புதிய, விலை கூடிய கிளைடர்களும் வரும். எது எவ்வளவு நன்றாகப் பறக்கும் என்பதற்கு ஓர் எண் கொடுத்து, அதை வைத்து வேகத்தைச் சரிக்கட்டிவிடுவார்கள். அதனால் நாற்பது வயசு கிளைடருக்கும் வாய்ப்பு உண்டு. அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

காலை ஏழு மணிக்கெல்லாம் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். ஆகஸ்ட் பனி, துடைக்கத் துடைக்கத் துணி பிழியும் அளவுக்கு ஈரம். என் கணவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் பறப்பதில்லை. ஆனால் ஒன்பது நாளும் விடுமுறை எடுத்துக்கொண்டு என்னோடு வந்து கூடாரத்தில் தங்கினார். ட்ரெய்லர் ஓட்டுவது, இறக்கை முனையைத் தூக்கிப் பிடித்து நடப்பது, நான் எங்கேயாவது வயலில் இறங்கினால் தேடி வருவது, எல்லாம் அவர்தான். இதைத் தனி ஆளாக ஆடுகிற விளையாட்டு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஒருவர் மேலே போவதற்குக் கீழே ஒருவர் நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கிறது.

இறக்கைகளை மாட்டி, ஊசிகளைச் செருகி, வால் பகுதியைப் பொருத்தி, ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் ஒருவர் உள்ளே அசைக்க இன்னொருவர் வெளியே கையால் எதிர்த்துப் பிடித்துச் சரிபார்த்த பிறகு, இறக்கை உடம்போடு சேரும் இடைவெளியை வெள்ளை டேப்பால் ஒட்டுவோம். அந்த இடுக்கில் காற்று சீறினால் தூரம் குறையும். டேப்பை நகத்தால் நீவி நீவி ஒட்டும்போதுதான் எனக்கு அன்றைய பதற்றம் அடங்கும். பூ கட்டுகிற கை மாதிரி அது தன் போக்கில் வேலை செய்துகொண்டிருக்கும்.

பத்து மணிக்குக் கூட்டம். வானிலை சொல்பவர் திரையில் படத்தைப் போட்டார். பிற்பகல் வெப்பம் 23 டிகிரி, பனிநிலை, அதாவது காற்றிலிருக்கும் ஈரம் நீராக மாறும் வெப்பநிலை, 13 டிகிரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 400ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிமட்டம் எத்தனை அடியில் இருக்கும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். 4,000 அடி. இங்கிலாந்துக்கு இது சுமாரான நாள். தென்கிழக்கிலிருந்து பத்து நாட் காற்று, மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் போல. கடைசியாக அவர் ஒன்று சொன்னார்: மாலையில் தெற்குக் கரையிலிருந்து கடற்காற்று உள்ளே வரலாம்.

சென்னைக்காரர்களுக்குக் கடற்காற்றைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அங்கே அது வந்தால் உயிர் வரும். கிளைடர்காரர்களுக்கு நேர் எதிர். குளிர்ந்த கடல் காற்று தரையோடு தரையாக உள்ளே நுழைந்தால் அந்த இடத்தில் தெர்மல், அதாவது தரைச் சூட்டில் மேலே எழும்பும் காற்று, செத்துவிடும். லாஷம் கடலிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆனாலும் சில நாள் மாலையில் கடற்காற்று அவ்வளவு தூரமும் வந்து சேரும். ஜான் சிம்ப்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1960களிலிருந்து லாஷமில் வைத்தே இதை ஆண்டுக்கணக்காகக் கவனித்துப் பதிவு செய்திருக்கிறார். எனக்கு இதெல்லாம் தெரியும். கூட்டத்தில் குறிப்பும் எடுத்தேன். நோட்டில் இருக்கிறது: ‘க.கா. 5 மணி?’

அன்றைய பாதை: லாஷமிலிருந்து மேற்கே டிவைசஸ், அங்கிருந்து வடகிழக்கே டிட்காட், பிறகு தென்மேற்கே ஹங்கர்ஃபோர்ட், அப்புறம் லாஷம். ஒவ்வொரு இடத்திலும் குறித்த புள்ளியைச் சுற்றி அரை கிலோமீட்டர் வட்டத்துக்குள் போய் வந்தால் போதும். கிளைடரில் இருக்கும் பதிவுக் கருவி நாம் போன வழியைச் சில நொடிக்கு ஒரு முறை எழுதிக்கொண்டே வரும். முடிக்கிறவர்களுக்குத் தூரத்துக்கும் வேகத்துக்கும் மதிப்பெண். வழியில் இறங்கிவிட்டால் தூரத்துக்கு மட்டும்.

பன்னிரண்டே முக்காலுக்குத்தான் முதல் கிளைடர் கிளம்பியது. ஓடுதளத்தில் 40 கிளைடர்கள் வரிசையில் நிற்க, ஆறு இழுவை விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கயிற்றை மாட்டி, 2,000 அடிக்கு இழுத்துப் போய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தன. ஒரு மணி நேரத்தில் 40 கிளைடரும் மேலே. கீழே ஓடித் திரிந்தவர்கள் எல்லாரும் கிளப் உறுப்பினர்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் அன்றைக்குக் குறைந்தது இருபது இறக்கை முனைகளைப் பிடித்துக்கொண்டு ஓடியிருப்பார். என் முறை வந்தபோது கண்ணாடி மூடியைத் தட்டி, “நல்லா போயிட்டு வாம்மா” என்கிற மாதிரி அவர் ஊர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். சரியாகக் கேட்கவில்லை. முகம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மேலே ஏறியதும் எல்லாரும் ஒரே தெர்மலில் சுற்றுவோம். முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ அந்தப் பக்கம்தான் மற்றவர்களும் சுற்ற வேண்டும். அன்றைக்கு என் கண்ணில் பட்ட வரைக்கும் பதினாறு கிளைடர்கள், அடுக்கடுக்காக. எதிரே இருப்பவரின் தொப்பி நிறம் தெரியும் தூரம். ஃபிளார்ம் என்று ஒரு கருவி. 2004இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது. பக்கத்தில் வருகிற கிளைடரைக் கண்டு சத்தம் போடும். அது விடாமல் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு இந்த அரை மணி நேரம் எப்போதுமே பயம்தான். கழுத்து வலிக்க வலிக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். முதுகில் பாராசூட் இருப்பதை உணர்ந்துகொண்டே இருப்பேன்.

ஸ்டார்ட் லைன் திறந்ததும் முண்டியடித்துப் போக வேண்டியதில்லை. எப்போது கோட்டைத் தாண்டினாலும் நம் நேரம் அப்போதுதான் தொடங்கும். அதனால் நல்ல காற்று வரட்டும் என்று காத்திருப்பார்கள். முன்னால் போகிறவர்கள் எங்கே ஏறுகிறார்கள் என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் தாமதித்தால் மாலை வந்துவிடும். நான் 2.20க்குத் தாண்டினேன்.

முதல் 69 கிலோமீட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின்காற்று, ஒழுங்காக வரிசையில் நின்ற மேகங்கள். ஒவ்வொரு மேகத்தின் அடியிலும் நாலு நாட் ஏற்றம். வேரியோ என்பது ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி. அதில் ஒரு நாட் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அடி. நாலு நாட் என்றால் இந்த ஊரில் ராஜ வாழ்க்கை. ஆண்டோவருக்கு வடக்கே கொஞ்சம் ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது. சால்ஸ்பரி சமவெளியில் ராணுவம் பீரங்கிப் பயிற்சி செய்யும் பகுதிகள் இருக்கின்றன, அவற்றுக்குள் நுழைந்தால் அன்றைய மதிப்பெண் போச்சு. 3.10க்கு டிவைசஸ்.

அங்கிருந்து திரும்பியதும் மேகங்கள் பரந்து விரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நிழல் விழுந்தால் தரை சூடாகாது. தரை சூடாகாவிட்டால் காற்று எழும்பாது. மார்ல்பரோவைத் தாண்டும்போது 2,000 அடி, லாம்பர்ன் பக்கம் போகும்போது தரையிலிருந்து 900 அடி. கீழே சுண்ணாம்புக் குன்றுகள், பந்தயக் குதிரைகளைப் பழக்கும் நீண்ட புல்வெளிகள். இறங்குவதற்கு வயல் பார்த்தாகிவிட்டது. பெரிய வயல், அறுவடை முடிந்த தாள், காற்றுக்கு நேராக நீளம்.

அதற்கு அடுத்த வயலில் ஓர் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் எழும்பிய புழுதி கொஞ்ச நேரம் சும்மா சாய்ந்து போனது. பிறகு ஒரு கணத்தில் நிமிர்ந்து நின்றது. அதற்கு மேலே ஒரு செம்பருந்து.

இங்கே ரெட் கைட் என்று சொல்கிற இந்தப் பருந்துகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இவற்றைச் சுட்டும் விஷம் வைத்தும் ஒழித்துவிட்டிருந்தார்கள். 1990இல் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து சில்டர்ன் குன்றுகளில் விட்டார்கள். அங்கிருந்து பெருகிப் பரவி இப்போது இந்தப் பக்கமெல்லாம் இருக்கின்றன. கவட்டை போலப் பிளந்த வால். அந்த வாலைத் திருப்பித் திருப்பித்தான் அது காற்றைத் தடவிப் பார்க்கும். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் களத்தில் கம்பு காயப்போட்டிருக்கும்போது உச்சி வெயிலில் பருந்து சுற்றும். இறக்கையை அடிக்காமல் அது எப்படி மேலே போகிறது என்று நான் ஆச்சியிடம் கேட்டிருக்கிறேன். “அதுக்குத் தெரியும்” என்றாள். நாற்பது வருடம் கழித்து அதற்கு என்ன தெரியும் என்று கற்றுக்கொண்டிருக்கிறேன்.

நான் பருந்துக்குக் கீழே போய்ச் சேர்ந்தேன். இடது இறக்கை மெல்லத் தூக்கியது. யாரோ உள்ளங்கையால் அடியிலிருந்து தள்ளுவது போல. அந்தப் பக்கமே திருப்பினேன். அரை நாட். கால் சுற்றில் ஒரு நாட். மறு பாதியில் ஒன்றுமில்லை. வட்டத்தைப் பருந்து இருக்கும் பக்கம் கொஞ்சம் நகர்த்தினேன். இப்போது சுற்று முழுக்க ஒரு நாட். கண்ணாடிக்கு வெளியே ஒட்டியிருக்கும் ஒரு சாண் கம்பளி நூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நேராக நின்றால் கிளைடர் வழுக்காமல் சுற்றுகிறது என்று அர்த்தம். அந்த ஒரு நாட்டை விட்டுவிடக் கூடாது என்பதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. 1,100 அடி. 1,300. வைக்கோல் வாசனை காற்று வரும் ஓட்டை வழியாக உள்ளே வந்தது. 1,800 அடியில் இன்னொரு தெர்மல் வந்து கலந்திருக்க வேண்டும், ஊசி துள்ளி மூன்றுக்குப் போனது. பருந்து எப்போதோ என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. மேகத்தின் அடி வரைக்கும் ஏறியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

டிட்காட்டுக்கு 4.20க்குப் போய்ச் சேர்ந்தேன். முன்பெல்லாம் இங்கே அனல்மின் நிலையத்தின் ஆறு குளிர்விப்புக் கோபுரங்கள் நிற்கும், எத்தனையோ கிலோமீட்டர் தள்ளியிருந்தே தெரியும். 2014இல் மூன்றையும் 2019இல் மீதி மூன்றையும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். நான் பறக்கக் கற்றுக்கொண்ட காலத்தில் வழி தவறினால் அந்தக் கோபுரங்களைத்தான் தேடுவேன். பழைய பழக்கத்தில் அன்றைக்கும் கண் தேடியது. சிலர் அவற்றை அசிங்கம் என்றார்கள். எனக்கு இப்போதும் அந்த இடம் வெறிச்சென்றுதான் இருக்கிறது.

மூன்றாவது பகுதி 29 கிலோமீட்டர், அரை மணி நேரத்தில் முடிந்தது. மேகக் கூட்டம் கலைந்து வெயில் திரும்பியிருந்தது. நல்ல ஏற்றம் இரண்டு கிடைத்தது, இரண்டும் நாலு நாட். ஹங்கர்ஃபோர்டை 4.50க்குச் சுற்றியபோது மீதி 42 கிலோமீட்டர். நான் லாம்பர்னில் இழந்த நேரத்தை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதை எப்படியாவது மீட்க வேண்டும் என்று இருந்தது.

இங்கே பால் மெக்கிரெடியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1956இல் பிரான்சில் நடந்த உலகப் போட்டியில் வென்ற அமெரிக்கர். பிற்பாடு 1977இல், மனிதன் மிதித்தே ஓட்டும் காசமர் காண்டர் விமானத்தைச் செய்து புகழ் பெற்றவர். (மனித சக்தியில் பறந்த ஆரம்பகால விமானங்களில் ஒன்று 1961 நவம்பர் 9 அன்று இதே லாஷமில்தான் எழும்பியது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டியது. மிதித்து ஓட்டியவர் இங்கே பல ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக இருந்த டெரெக் பிகாட். அந்த ஓடுதளத்தில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.) கிளைடர்காரர்களுக்கு மெக்கிரெடி விட்டுச் சென்றது ஓர் எண். அடுத்த தெர்மலில் எத்தனை நாட் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறாயோ அதுதான் அந்த எண். அதை வைத்து, இடையில் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்று கணக்கு வந்துவிடும். அதைவிடக் குறைந்த ஏற்றத்தில் நின்று சுற்றினால் நேரம் வீண். ரொம்ப அழகான கணக்கு. ஆனால் அந்த எண்ணை வைப்பது நம் கையில்தான் இருக்கிறது. நேற்று என்ன கிடைத்தது, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என்ன கிடைத்தது என்பதை வைத்து அதை எழுதக் கூடாது. இனி என்ன கிடைக்கும் என்பதைத்தான் எழுத வேண்டும்.

நான் நாலு என்று வைத்திருந்தேன்.

ஐந்து மணிக்கு ஹைகிளேர் கோட்டையின் மேலே வந்தேன். துட்டன்காமன் கல்லறையைத் தோண்டப் பணம் கொடுத்த கார்னார்வன் பிரபுவின் வீடு. அவரைப் பக்கத்திலேயே பீக்கன் குன்றின் மேலே புதைத்திருக்கிறார்கள். அந்தக் குன்றுக்கு மேலே மூன்று கிளைடர்கள் சுற்றிக்கொண்டிருந்தன. நானும் சேர்ந்தேன். 2,700 அடி. ஒன்றரைச் சுற்று. வேரியோ இரண்டு நாட் காட்டியது. சீரான, மென்மையான இரண்டு நாட்.

லாஷமுக்கு 28 கிலோமீட்டர். எதிர்க்காற்று. கருவி சொன்ன கணக்குப்படி, கொஞ்சம் கையிருப்போடு வீடு போய்ச் சேர 4,000 அடிக்குச் சற்று மேலே வேண்டும். அந்த இடத்தில் நின்று சுற்றியிருந்தால் ஆறரை, ஏழு நிமிடம். அவ்வளவுதான்.

முன்னால் இரண்டு மேகங்கள் தெரிந்தன, ஓவர்ட்டனுக்கு மேலே. அவை நாலு நாட் தரும் என்று நினைத்தேன். வட்டத்தை உடைத்து மூக்கைத் தாழ்த்தினேன். மூன்று கிளைடர்களும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றைப் பின்னால் விட்டுப் போகிறேன் என்று ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. வந்தது.

மேகங்களின் அடி கூர்மையாக இல்லை, ஓரம் பஞ்சாகப் பிரிந்துகொண்டிருந்தது. தூரத்திலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். முதல் மேகத்துக்கு அடியில் போனபோது ஒன்றுமில்லை. இரண்டாவது நான் போய்ச் சேருவதற்குள் கரைந்துவிட்டது. அதற்கு அப்பால் லாஷம் பக்கம் வானம் மேகமே இல்லாமல் வெளுத்து, பால் கலந்த நீலமாக இருந்தது. கிளைடர் ஆடுவதை நிறுத்தியது. இதைப் பறக்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாள் முழுக்கக் காற்று நம்மை உலுக்கிக்கொண்டே இருக்கும், மாட்டு வண்டியில் போகிற மாதிரி. அது திடீரென்று நின்று, எண்ணெயில் வழுக்குவது போல ஆகிவிட்டது. அத்தனை அமைதி. கடற்காற்றுக்குள் வந்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. கடற்காற்று நுழைகிற முகப்பில் காற்று மேலே தள்ளப்படும், அந்தக் கோட்டோடு ஒட்டிப் பறந்தால் ஏறலாம். நான் அந்தக் கோட்டைக் கவனிக்காமலே தாண்டியிருந்தேன்.

பத்து நிமிடம் சறுக்கிக்கொண்டே வந்தேன். திரும்பிப் போகலாமா என்று ஒரு தடவை பார்த்தேன், உயரம் போதாது. 1,500 அடியில் வீட்டை மறந்துவிட வேண்டும், வயலை மட்டும் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் மட்டும் தயங்கவில்லை. ஓக்லி கிராமத்துக்கு வெளியே நான்கு வயல்கள். ஒன்றில் மாடுகள். ஒன்று சரிவு. நிழல் விழுந்த விதத்தில் தெரிந்தது. ஒன்றின் குறுக்கே மின்கம்பங்கள். கம்பிகள் மேலிருந்து தெரியாது, கம்பத்தைத்தான் தேட வேண்டும். நாலாவது பார்லி அறுத்த தாள், சமமாக, போதுமான நீளம். 800 அடியில் சக்கரத்தை இறக்கினேன், இறக்கியதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன், வேலிக்கு மேலே தாராளமாக வந்து ஏர்பிரேக்கை முழுக்கத் திறந்தேன். தாள் வயிற்றில் உரசும் சத்தம், சடசடவென்று மழை பெய்கிற மாதிரி. நின்றது. ஓர் இறக்கை மெல்லச் சாய்ந்து தரையைத் தொட்டது.

மணி 5.20. கணவரைக் கூப்பிட்டேன்.

“எங்கம்மா இருக்க?”

“ஓக்லி பக்கத்துல இறங்கிட்டேங்க. எனக்கு ஒண்ணுமில்ல. கிளைடரும் நல்லா இருக்கு.”

“சரி, இடத்த அனுப்பு. சாப்பிட எதாவது எடுத்துட்டு வர்றேன்.”

ஏன் இறங்கினாய் என்று கேட்கவில்லை. ஒன்பது நாளில் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

இறங்கி நின்றபோது குளிர்ந்தது. காலையிலிருந்து வியர்த்துக்கொண்டே இருந்தவள், இப்போது ஸ்வெட்டரைத் தேடினேன். தெற்கிலிருந்து முகத்தில் பட்டுக்கொண்டிருந்த அந்தக் காற்றுதான் என்னைக் கீழே இறக்கியது. மூன்று, நாலு மணி நேரத்துக்கு முன்னால் அது போர்ட்ஸ்மத் கரையில் அலையின் மேலே இருந்திருக்கும்.

வயல்காரர் ஒரு பிக்கப் வண்டியில் வந்தார். கூட ஒரு நாய். “எஞ்சின் நின்றுபோச்சா?” என்று கேட்டார். எஞ்சினே இல்லை என்றதும் வண்டியிலிருந்து இறங்கி கிளைடரைச் சுற்றிச் சுற்றி வந்தார். இறக்கையின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். இறங்கிய இடத்தின் சொந்தக்காரரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டு, பயிருக்குச் சேதம் இல்லை என்று காட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவர் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஹங்கர்ஃபோர்டிலிருந்து இதில் வந்தாயா, டிட்காட்டிலிருந்தா, டிவைசஸா என்று ஒவ்வொரு ஊராகக் கேட்டுக்கொண்டிருந்தார். லாம்பர்னில் அறுவடை இயந்திரத்தின் புழுதியில் ஏறிய கதையைச் சொன்னேன். நாளைக்குத் தன் இயந்திரம் கோதுமை வயலில் ஓடும் என்றார். ட்ரெய்லர் வந்ததும் இறக்கையைக் கழற்ற அவரும் ஒரு முனையைப் பிடித்தார். கனமான வேர் முனையைப் பிடித்தவர் அவர்தான்.

லாஷமுக்குத் திரும்பும்போது ஏழரை மணி. பீக்கன் குன்றின் மேலே சுற்றிக்கொண்டிருந்த மூன்று பேரும் வீடு வந்து சேர்ந்திருந்தார்கள். மூன்று பேருமே முகப்பைத் தாண்டும் முன்பே மேகத்தின் அடி வரைக்கும் ஏறி, அங்கிருந்து நேராக, எங்கேயும் நிற்காமல், செத்த காற்றின் வழியாகச் சறுக்கி வந்திருக்கிறார்கள். ஒருவர் கடைசி வேலியை 200 அடியில் தாண்டினாராம்.

இரவு கிளப் கட்டடத்தில், எனக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சியாளரோடு உட்கார்ந்து பறந்த தடத்தைத் திரையில் போட்டுப் பார்த்தோம். லாம்பர்ன் மேலே நான் போட்ட வட்டங்கள், முதலில் கோணலாக, பிறகு காசு அடுக்கியது போல நெருக்கமாக. அவர் அந்த இடத்தில் வெகுநேரம் நிறுத்தினார். “இதை இவ்வளவு பொறுமையாகச் செய்தவர்தானே அங்கேயும் இருந்தீர்கள்” என்றார். அப்புறம் ஹைகிளேர். ஒன்றரை வட்டம், அதிலிருந்து தென்கிழக்கே பிரிந்து போகும் ஒரு கோடு. சராசரி ஏற்றம் 2.1 நாட் என்று கணினி எழுதியிருந்தது. 900 அடியில் ஒரு நாட்டைக் கெஞ்சிக் கட்டிக்கொண்டவள் 2,700 அடியில் இரண்டு நாட்டை வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன். நடுவில் ஒரு மணி நேரம் இருபது நிமிடம். நாள் மாறியிருந்தது, நான் எண்ணை மாற்றவில்லை. அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தேநீர் வாங்கி வந்தார்.

மறுநாள் காலையிலிருந்தே மழை. பத்து மணிக் கூட்டத்திலேயே அன்றைய போட்டியை ரத்து செய்துவிட்டார்கள். கணவர் கூடாரத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ட்ரெய்லரைத் திறந்து, உள்ளே குனிந்து போய், கிளைடருக்குள் கை நீட்டி, சக்கரக் குழியில் ஒட்டியிருந்த பார்லித் தாளை ஒவ்வொன்றாக எடுத்தேன். வெள்ளை டேப்பில் விரல் நீளத்துக்குக் கிழித்து, மார்க்கர் பேனாவால் ‘5 மணிக்கு மேல் 2’ என்று எழுதி, வேரியோவுக்குப் பக்கத்தில் ஒட்டி, நகத்தால் நீவினேன். மேலே ட்ரெய்லர் கூரையில் மழை விழுந்துகொண்டே இருந்தது.